நான்கு பேர் நிற்கும் சதுரம்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை முதல் தடவை பார்க்கிறவருக்கு அது ஆட்டமாகவே தெரியாது. சந்தையில் மாடு மிரண்ட மாதிரி இருக்கும். கிரிக்கெட் மைதானம் முழுக்க 36 பேர் சிதறி ஓடுகிறார்கள். பந்து முட்டை வடிவம். ஆஃப்சைடு கிடையாது. உதைக்கலாம், ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியத்தான் கூடாது. கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் 15 மீட்டருக்குள் ஒரு தடவையாவது தரையில் தட்டியாக வேண்டும். நடுவிலுள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரக் கம்பத்துக்குள் போனால் 1. இவ்வளவு தெரிந்தால் ஆட்டத்தைப் பின்தொடரலாம். நடுமைதானத்தில் ஆடும் மிட்ஃபீல்டரைப் பின்தொடர இது போதாது.

டி.வி. கேமரா பந்தைத்தான் பார்க்கும். மிட்ஃபீல்டரின் வேலையில் பெரும்பங்கு பந்து வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஓர் ஆட்டத்தில் அவர் 12 முதல் 15 கிலோமீட்டர் ஓடுகிறார் என்று வர்ணனையாளர்கள் சொல்லிச் சொல்லி, இது ஏதோ மூச்சுப் பிடிக்கும் போட்டி என்றே பலர் முடிவுகட்டிவிட்டார்கள். ஓட்டம் வெறும் நுழைவுச்சீட்டு. ஏ.எஃப்.எல். எனும் ஆஸ்திரேலியத் தேசிய லீகின் 18 அணிகளில் எதிலும் அந்தச் சீட்டு இல்லாமல் ஒரு மிட்ஃபீல்டர் நுழைய முடியாது. அப்புறம் ஏன் ஒருவர் 60 ஆட்டத்தோடு காணாமல் போகிறார், இன்னொருவர் 400 ஆட்டம் ஆடுகிறார்? பந்து விழுவதற்கு இரண்டு விநாடிக்கு முன் அவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். பாதி பதில் அங்கேயே கிடக்கும்.

மைதானத்தின் நடுவே 50 மீட்டர் சதுரம் ஒன்று வரைந்திருப்பார்கள். ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஆட்டம் இங்கிருந்துதான் கிளம்பும். அந்த நேரத்தில் சதுரத்துக்குள் ஓர் அணிக்கு நான்கு பேருக்குத்தான் இடம்: ரக் எனப்படும் நெட்டையர் ஒருவர், மிட்ஃபீல்டர்கள் மூன்று பேர். 2019இல் வந்த 6-6-6 விதிப்படி, தாக்கும் முனையில் ஆறு பேர், காக்கும் முனையில் ஆறு பேர், சதுரத்துக்கு வெளியே விங் எனும் ஓரங்களில் இரண்டு பேர். நடுவில் பந்தைக் கைப்பற்றியவனுக்கு முன்னால் வெட்டவெளி.

2025 பருவம் வரை நடுவர் பந்தைத் தரையில் ஓங்கி அடித்து எழுப்புவார்; நூறாண்டுக்கும் மேலான வழக்கம். சில தடவை பந்து கோணலாக எகிறி, திரும்ப அழைக்க வேண்டியிருக்கும். 2026 முதல் அது நின்றுபோய், பந்தை மேலே எறிகிறார்கள். பழைய ரசிகர்களுக்கு வருத்தம்தான். மிட்ஃபீல்டருக்கு இது லாபம். பந்து நேராக மேலே போவதால் ரக் நினைத்த இடத்துக்குத் தட்டிவிடுவது கொஞ்சம் எளிதாகிறது. எளிதான அளவுக்கு, நிற்கும் இடத்தின் மதிப்பும் ஏறுகிறது.

அந்த இடத்தைக் கடிகாரமாகப் பேசுவார்கள். நாம் கோல் அடிக்கும் திசை 12 மணி. நம் சொந்தக் கோல் பக்கம் 6 மணி. ரக் விரலால் ஒரு சைகை காட்டுவார், அல்லது முன்கூட்டியே ஒரு சொல் பேசிவைத்திருப்பார்கள். "நான்கு மணி" என்றால் வலது தோளுக்குப் பின்புறம் தட்டப் போகிறார். மூன்று மிட்ஃபீல்டரில் ஒருவர் அங்கே வந்து வாங்குகிறவர். வந்து வாங்க வேண்டும், அங்கேயே நின்று வாங்கக் கூடாது. முன்னாடியே போய் நின்றால் எதிரணி மோப்பம் பிடித்துவிடும். இரண்டாமவர் வழியை அடைக்கிறவர். பந்து 5 மீட்டருக்குள் இருந்தால் எதிராளியை உடம்பால் மறிக்க விதி இடம் தருகிறது, கையால் பிடித்து இழுத்தால் ஃப்ரீ கிக். மூன்றாமவர் 6 மணிப் பக்கம், சண்டைக்கு நாலைந்து மீட்டர் பின்னால் காவல். திட்டம் பலித்தால் அவருக்கு வேலையே இருக்காது. பலிக்காவிட்டால் அவர் ஒருவர்தான் எதிரணிக்கும் கோலுக்கும் நடுவில்.

இங்கே நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். இளம் மிட்ஃபீல்டர்கள் மூன்று பேரும் பந்தை நோக்கிப் பாய்வார்கள். பந்து எதிரணி ரக்கின் விரல் நுனியில் பட்டுப் பின்புறம் நழுவும். அங்கே நம் ஆள் யாரும் இல்லை. வாங்கியவன் நான்கு எட்டில் சதுரத்தைத் தாண்டி நீளமாக உதைக்கிறான். ஆறுக்கு ஆறு நிற்கும் முனையில் பந்து இறங்குகிறது. பத்துப் பதினைந்து விநாடியில் கோல். அடுத்த நாள் வீடியோ அறையில் பயிற்சியாளர் படத்தை நிறுத்திக் காட்டுவது காவல்காரன் காலியாக விட்ட இடத்தை.

சரி, பந்து கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கிடைப்பது பெரும்பாலும் காற்றிலல்ல, தரையில். தரையில் உருளும் முட்டைப் பந்தை ஓட்டத்தில் ஒரே தொடலில் எடுப்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. பந்துக்கு நேர் எதிராக நெஞ்சைக் காட்டிக் குனிந்தால் தலை வெளியே நீட்டியிருக்கும். மோதல் தலையில் விழும். அதனால் கடைசி இரண்டு எட்டில் இடுப்பைப் பக்கவாட்டில் திருப்பி, எதிராளிக்கும் பந்துக்கும் நடுவே தொடையையும் பின்புறத்தையும் வைக்கிறார்கள். முழங்கால் மடங்க வேண்டும். முதுகை மட்டும் வளைத்தால் எழுந்திருக்க அரை விநாடி கூடுதலாகும், அந்த அரை விநாடியில் ஆளைக் கட்டிவிடுவார்கள், அதாவது கட்டிப்பிடித்து நிறுத்திவிடுவார்கள். சுண்டுவிரல்கள் ஒன்றோடொன்று தொட, உள்ளங்கை பந்தின் பின்னால். சறுக்கிக்கொண்டு காலை நீட்டக் கூடாது. 2012இல் சிட்னி வீரர் கேரி ரோஹனின் கால் அப்படியொரு சறுக்கலில் முறிந்த பிறகு, மறுவருடமே முழங்காலுக்குக் கீழே மோதுவதற்கு எதிராக விதி வந்தது.

எடுத்தாயிற்று. இப்போது ஹேண்ட்பால். வலது கையால் குத்துகிறவர் இடது உள்ளங்கையில் பந்தை ஏந்துகிறார். ஏந்தும் கை அசையாமல் இருக்க வேண்டும். குத்தும் அதே நேரத்தில் அந்தக் கையும் சேர்ந்து முன்னால் போனால் நடுவர் அதை எறிதல் என்று ஊதுவார். முஷ்டியில் கட்டைவிரல் வெளியே இருக்க வேண்டும், உள்ளே மடக்கினால் விரல் போய்விடும். குத்துவது பந்தின் பின்முனையில், கொஞ்சம் கீழே. பந்து பின்னோக்கிச் சுழன்றபடி சக வீரரின் இடுப்புயரத்தில், அவர் ஓடுகிற வழியில் ஓரடி முன்னால் போய்ச் சேர வேண்டும். பின்னால் போனால் அவர் நின்று திரும்புவார். நின்றவனைக் கட்டுவது சுலபம். தொழில்முறை ஆட்டத்திலும் தவறுகிற ஹேண்ட்பாலில் கணிசமானது இப்படிப் பின்னால் விழுவதுதான். இதையெல்லாம் இரு கையாலும், இரு காலாலும் செய்யத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வருகிறவனை வீடியோவில் பார்த்து, மறுவாரம் அந்தப் பக்கத்தைப் பூட்டிவிடுவார்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பதற்கு இந்த ஆட்டத்தில் ஒரே ஓர் உருவத்தைக் காட்டச் சொன்னால் காலிங்வுட் அணியின் 10ஆம் எண் ஸ்காட் பெண்டில்பரியைக் காட்டலாம். கிப்ஸ்லாந்து வட்டாரத்தில் செய்ல் ஊரில் வளர்ந்தவர். 191 செ.மீ. உயரம், இடதுகால்காரர். பதின்ம வயதில் கூடைப்பந்துதான் அவர் வழி. ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தில் உதவித்தொகை இடமே கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டுக் கால்பந்துக்கு வந்தார். அணிகள் வரிசையாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2005இல் 5ஆம் தேர்வு, 2006இல் முதல் ஆட்டம்.

வேகத்தில் அவர் எந்நாளும் முன்வரிசையில் இல்லை. ஆனாலும் பந்து அவர் கையில் இருக்கும்போது சுற்றியுள்ளவர்கள் எல்லோரும் மெதுவாக ஓடுவது போல் தோன்றும். கூடைப்பந்தில் கற்றது அது. பந்தை வாங்குவதற்கு முன்பே தோளுக்கு மேலாக ஒரு பார்வை, வாங்கியதும் பந்தை முகத்துக்கு நேரே இரு கையிலும் உயர்த்தி ஒரு சின்ன நிறுத்தம். மறிக்க வருகிறவன் அந்த நிறுத்தத்தில் ஏமாந்து எடையை ஒரு காலுக்கு மாற்றிவிடுவான். மாற்றிய காலுக்கு எதிர்ப்பக்கம் இவர் நடந்தே போய்விடுவார். 2010 இறுதிப்போட்டி செயின்ட் கில்டாவோடு 68–68 என்று சமனில் முடிய, மறுவாரம் திரும்ப ஆடி 108–52 என்று காலிங்வுட் வென்றது. அந்த மறு ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் 22 வயதுப் பெண்டில்பரிக்கு. 2014 முதல் 2022 வரை தலைவர். 2023இல் இரண்டாவது கோப்பை. 2024இல் 400ஆம் ஆட்டம். அந்த எண்ணைத் தொட்ட ஆறாவது மனிதர். பந்தைக் கையாண்ட எண்ணிக்கையில், அதாவது உதையும் ஹேண்ட்பாலும் சேர்ந்த டிஸ்போசல் கணக்கில், வரலாற்றில் 10,000ஐத் தாண்டிய முதல் ஆளும் அவரே. ஆட்டத்தின் மிகப் பெரிய தனிநபர் விருதான பிரௌன்லோ பதக்கம் மட்டும் அந்த 400 ஆட்டத்துக்குள் கிடைக்கவில்லை. அதைப் பற்றிப் பின்னால்.

இந்தத் தொழிலுக்குள் நுழையும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். 18 வயதுக்குட்பட்டோர் லீகில் ஆடி, அக்டோபர் வாக்கில் நடக்கும் தேர்வு முகாமுக்கு அழைக்கப்பட்டு, நவம்பர் டிராஃப்டில் பெயர் வர வேண்டும். முகாமில் 20 மீட்டர் ஓட்டம், வளைந்து திரும்பும் ஓட்டம், நின்று எம்புவது, ஓடி எம்புவது, 2 கிலோமீட்டர் ஓட்டம் எல்லாவற்றையும் அளப்பார்கள். மிட்ஃபீல்டர் ஆக நினைக்கிற பையன் 2 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் கேள்வி வரும். ஆறே காலுக்குள் என்றால் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். எந்த அணிக்குப் போவது என்பது பையன் கையில் இல்லை; அணிதான் தேர்ந்தெடுக்கும். விதிவிலக்குகள் உண்டு. அப்பா ஓர் அணிக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் அந்த அணிக்கு மகன்மேல் முன்னுரிமை. நிக் டெய்கோஸ் அப்படித்தான் காலிங்வுட்டுக்கு வந்தார். பழங்குடிப் பிள்ளைகளுக்கும், ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அணிகள் நடத்தும் அகாடமி வழி இன்னொன்று. மெல்பர்ன் புறநகரில் பிள்ளையைச் சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டிப்போகிற நம்மவர்கள் பலருக்கு இப்படி ஒரு கதவு இருப்பதே தெரிவதில்லை.

டிராஃப்டில் எடுக்கப்பட்ட மிட்ஃபீல்டர் உடனே நடுச்சதுரத்தில் நிற்பார் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 18 வயது உடம்பு எழுபது சொச்சம் கிலோ. எதிரே நிற்பவருக்கு 28 வயது, 88 கிலோ, பத்து வருடம் எடை தூக்கிய இடுப்பு. பெரும்பாலான அணிகள் முதல் இரண்டு வருடம் பையனை விங்கிலோ முன்வரிசை ஓரத்திலோ பின்வரிசை ஓரத்திலோ ஆடவிட்டு, சதுரத்துக்குள் அவ்வப்போது மட்டும் அனுப்புகின்றன. அவசரப்பட்டால் முதலில் போவது தோள். ஆளைக் கட்டும்போது கை பக்கவாட்டில் நீண்டிருக்கும் நிலையில் இழுபட்டால் மூட்டு நழுவும். விளிம்பு கிழிந்தால் அறுவை, மாதக்கணக்கில் வீட்டில்.

மேட் ரவுல் கதை இதற்குப் பொருத்தம். 2019 டிராஃப்டின் முதல் தேர்வு, கோல்ட் கோஸ்ட் அணிக்கு. 2020இல் நேராகச் சதுரத்தில் இறக்கினார்கள். இரண்டு, மூன்று, நான்காம் சுற்றுகளில் தொடர்ந்து மூன்று ஆட்டத்தில் நடுவர்கள் அவருக்குப் பிரௌன்லோ பதக்கத்துக்கான முழு ஓட்டு போட்டார்கள். ஐந்தாம் ஆட்டத்தில் தோள் நழுவியது, பருவம் முடிந்தது. 2021 முதல் சுற்றில் முழங்கால். மற்றவனாக இருந்தால் பயந்து வெளிவட்டத்துக்குப் போயிருப்பான். இவர் உடம்பைக் கட்டி, ஆளைக் கட்டுவதையே தன் முத்திரையாக்கிக்கொண்டு, 2025இல் 39 ஓட்டோடு பிரௌன்லோ வாங்கினார். ஐந்து வருட இடைவெளி. அவரைச் சதுரத்தில் இறக்கியது தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த முதல் நான்கு ஆட்டத்தைப் பார்த்து எல்லாப் பையனையும் அப்படி இறக்குவது தவறு.

உடலமைப்பில் ஒரே அச்சு கிடையாது என்பது இந்த இடத்தின் அழகு. லாக்கி நீல் 177 செ.மீ.; 2011 டிராஃப்டில் 58ஆம் தேர்வு, அதாவது 57 பெயர் கூப்பிட்ட பிறகு. ஃப்ரீமேன்டலில் ஏழு பருவம் ஆடிவிட்டு 2018 முடிவில் பிரிஸ்பேனுக்கு மாறினார். 2020இலும் 2023இலும் பிரௌன்லோ. குட்டையானவர் என்பதே அவருக்குச் சாதகம்: தரைப்பந்துக்கு அவர் அதிகம் குனிய வேண்டியதில்லை, நெட்டையர்களின் கைக்குக் கீழே நழுவிவிடுவார். கார்ல்டனின் பேட்ரிக் கிரிப்ஸ் நேர் எதிர். 195 செ.மீ.; இரண்டு பேர் மேலே தொங்கினாலும் கையை விடுவித்து ஹேண்ட்பால் கொடுப்பவர். 2022இல் ஒரு தடவை வென்றவர் 2024இல் 45 ஓட்டு வாங்கினார். இப்போதைய ஓட்டுமுறையில் அதற்கு முந்திய உச்சம் 36. இருவரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்று புள்ளிவிவரத் தாள் சொல்லும். பார்த்தால் நம்ப முடியாது.

நன்றாக ஆட ஆரம்பித்ததும் பின்னாலேயே ஒருவன் வந்து ஒட்டிக்கொள்வான். டேகர். பந்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஓர் ஆளை மட்டும் நிழலாகத் தொடர்வது அவன் வேலை. ஜீலாங்கின் கேமரன் லிங் அதையே பல வருடம் கலையாகச் செய்து, 2011 கோப்பையைத் தலைவராக ஏந்தினார். டேகர் எதிராளியின் கோல்பக்க இடுப்பில் முழங்கையை வைத்துக்கொண்டு, அவன் முதல் எட்டை மட்டும் கெடுப்பான். முதல் எட்டு போனால் பந்து போயிற்று. 2023இல் ஹாதர்னின் ஃபின் மகினஸ் டெய்கோஸைத் தொடர்ந்த ஆட்டத்தில் டெய்கோஸுக்குக் கிடைத்தது 5 டிஸ்போசல். அதிலேயே முழங்காலிலும் அடி.

ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்கு இளக்காரம் என்பார்கள். டேகர் விஷயத்தில் அது அப்படியே உண்மை. கோபப்பட்டு இன்னும் வேகமாக ஓடினால் டேகருக்குக் கொண்டாட்டம், அவனுக்கும் அதே ஓட்டம் இருக்கிறது. தப்பிக்கும் வழிகள் வேறு. ஆட்டம் நின்று நடுவர் பந்தை மறுபடி எழுப்பும் ஸ்டாப்பேஜுக்குக் கடைசி ஆளாக நடந்து வந்து, பந்து எழும் நொடியில் நுழைவது. சக வீரரை உரசிக்கொண்டு ஓடி, டேகரை அவர்மேல் மோதவிடுவது. கூடைப்பந்து பார்த்தவர்களுக்குப் பழகிய உத்தி. பத்து நிமிடம் முன்வரிசைக்குப் போய்விடுவது: அங்கே டேகர் தடுப்பாட்டக்காரனாக மாற வேண்டும், அது பலருக்கு வராது. பெரும்பாலும் அணிதான் காப்பாற்ற வேண்டும். டேகர் சட்டையைப் பிடிக்கும்போதெல்லாம் இன்னொருவர் வந்து அவனை இடித்துவிட்டுப் போனால், மூன்றாம் கால்பகுதியில் அவன் கை தானாகத் தளரும்.

இனி உடம்பு. வீரரின் சட்டைக்குள் தோள்பட்டைகளுக்கு நடுவே சின்ன ஜி.பி.எஸ். கருவி இருக்கும், இந்தத் துறையில் உலகமெங்கும் விற்கிற கேட்டபல்ட் நிறுவனம் மெல்பர்னில் பிறந்ததுதான். மொத்தத் தூரத்தைவிட, வேகமாக ஓடிய மீட்டர் எத்தனை, உச்சவேகத்தை எத்தனை தடவை தொட்டார் என்பதையே பயிற்சிக்குழு பார்க்கும். தொடையின் பின்தசை, ஹேம்ஸ்ட்ரிங், இந்த ஆட்டத்தில் மிக அதிகமாகக் கிழியும் தசை. முழு வேகத்தில் கால் முன்னால் வீசி, தரையைத் தொடுவதற்குச் சற்று முன் அந்தத் தசை நீண்டும் இருக்கும், இறுகியும் இருக்கும், அப்போதுதான் கிழிகிறது. மிட்ஃபீல்டருக்கு இன்னொரு ஆபத்து: ஓட்டத்தில் குனிந்து பந்தை எடுக்கும்போது இடுப்பு மடங்கி, அதே தசை இன்னும் நீள்கிறது. காயம் வரும் என்று பயந்து வாரம் முழுக்க வேகமாக ஓடாமல் வைத்திருப்பதும் தவறு. பழகாத தசை சனிக்கிழமை திடீரென்று உச்சவேகத்தைச் சந்தித்தால் தாங்காது. அதனால் வாரத்தில் ஓரிரு தடவை உச்சத்தின் 90 விழுக்காட்டுக்கு மேல் ஓடவைக்கிறார்கள். கூடவே நார்டிக் பயிற்சி: முழங்காலிட்டு நிற்க, ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய்வது. பார்க்க ஒன்றுமில்லாதது போலிருக்கும். முதல் தடவை செய்தவர்களுக்கு மறுநாள் படியிறங்கும்போது தெரியும்.

ஆட்டத்துக்குள் மூச்சு வாங்க இடம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஓர் அணி செய்யக்கூடிய ஆள் மாற்றம் 2014இல் 120 என்று வரம்பிட்டார்கள், 2016இல் 90, 2021 முதல் 75. நாலால் வகுத்தால் ஒரு கால்பகுதிக்கு 19கூட இல்லை. அதில் பெரும்பகுதி மிட்ஃபீல்டருக்கே போகும். ஆறேழு நிமிடம் ஓட்டம், இரண்டு மூன்று நிமிடம் பெஞ்ச். வெளியே வர வேண்டிய நேரத்தில் பந்து எதிர்ப்பக்கம் போய்விட்டால் பத்து நிமிடமும் ஆகும். கடைசிக் கால்பகுதியில் தப்பும் உதைகளை மனஉறுதிக் குறைவு என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம்.

தலைக்காயத்தைப் பற்றிச் சுருக்கமாக முடித்துக்கொள்ள முடியாது, விரிவாக எழுதினால் அதுவே தனிக் கட்டுரை. மூளை அதிர்ச்சி உறுதியானால் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது என்பது 2021 முதல் விதி. அதாவது அடுத்த வார ஆட்டம் போய்விட்டது. மெல்பர்ன் மிட்ஃபீல்டர் ஆங்கஸ் பிரேஷா 2023 இறுதிச்சுற்று ஆட்டமொன்றில், உதைத்து முடித்த கணத்தில், அதைத் தடுக்க எம்பியவரின் தோள்பட்டு நினைவிழந்தார். அவருக்கு அது முதல் அடியல்ல. 2024 பிப்ரவரியில், 28 வயதில், மருத்துவர்கள் சொல்லி ஓய்வு பெற்றார். 2021இல் கோப்பை வென்ற அணியின் தூண். 2020இல் இறந்த முன்னாள் ரிச்மண்ட் மிட்ஃபீல்டர் ஷேன் டக்கின் மூளையைப் பரிசோதித்தபோது, திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. நோய் கடுமையாக இருந்தது தெரியவந்தது. பந்தைக் குனிந்து எடுப்பது எப்படி என்று மேலே எழுதியதை அழகுக்காக எழுதவில்லை.

பிரௌன்லோவுக்கு வருவோம். 1924இல் தொடங்கிய விருது. இறுதிச்சுற்றுக்கு முந்திய ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் கூடி மூன்று பேருக்கு 3, 2, 1 என்று ஓட்டு போடுகிறார்கள். நடுவர்கள் பந்தோடு ஓடுகிறவர்கள்; அவர்கள் கண்ணில் அடிக்கடி படுவது மிட்ஃபீல்டர். மிட்ஃபீல்டர்கள் பதக்கத்தை வாரிக்கொண்டு போவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். மிட்ஃபீல்டருக்குள்ளேயே கூட, சண்டையிலிருந்து பந்தைப் பிடுங்கி வெடித்து வருகிறவர் கண்ணில் படுவார்; மூன்றாவது கையாக வாங்கிச் சரியான ஆளுக்கு அனுப்புகிறவர் படமாட்டார். பெண்டில்பரிக்கு நேர்ந்தது இதுதான் என்பது என் கணிப்பு. எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் பதக்கம் எப்போதோ அவர் வீட்டில் இருந்திருக்கும். எண்ணிக்கை சில சமயம் ஏமாற்றவும் செய்யும். 2018 முதல் சுற்றில் ஹாதர்னின் டாம் மிட்சல் ஓர் ஆட்டத்தில் 54 டிஸ்போசல் எடுத்தார். இன்னும் யாரும் தொடாத சாதனை, அந்த வருடப் பதக்கமும் அவருக்கே. ஆனால் 30 எடுத்தவர் எத்தனை பேருடைய உதை எதிரணி கையில் போய் விழுகிறது என்று யாரும் தலைப்பில் போடுவதில்லை. தாளில் பார்க்க வேண்டியது: மோதலில் வென்ற பந்து எத்தனை, ஸ்டாப்பேஜிலிருந்து பந்தை வெளியே கொண்டுவந்த கிளியரன்ஸ் எத்தனை, கோலில் முடிந்த தொடரில் எத்தனை தடவை கைபட்டது. அதே மிட்சல் மறு ஜனவரியில் பயிற்சியில் கால் எலும்பு முறிந்து 2019 முழுக்க ஆடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதக்கத்துக்கும் கட்டுக்கும் நடுவே நாலு மாதம்.

30 வயதைத் தாண்டும்போது மிட்ஃபீல்டர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். வெடித்து ஓடுவதிலேயே வாழ்ந்தவர்களுக்கு அந்த வெடிப்பு ஒரு பருவத்தில் போய்விடும். 2004இலும் 2010இலும் பிரௌன்லோ வென்ற கிறிஸ் ஜட், ஸ்டாப்பேஜிலிருந்து மூன்று எட்டில் எல்லோரையும் விட்டு விலகியவர். 2015இல் முழங்கால் தசைநார் அறுந்ததோடு 279 ஆட்டத்தில் முடித்துக்கொண்டார். இன்னொரு வகையினர் இடம் மாறிக்கொள்கிறார்கள். 2022இல் புதிய பயிற்சியாளர் கிரேக் மெக்ரே, பெண்டில்பரியைப் பின்வரிசைக்கு நகர்த்தினார். அங்கே முன்னால் மைதானம் முழுக்கத் தெரியும், முதுகுப் பக்கம் அடி விழாது, நின்று பார்த்து உதைக்கலாம். தேவைப்பட்டபோது திரும்பச் சதுரத்துக்கும் வந்தார். உடம்பைச் சேமித்தது அந்த நகர்வுதான் என்று சொல்லலாம். ஆனால் 34 வயதில் நட்சத்திர வீரர் ஒருவர் இடம் மாறச் சம்மதிப்பது அத்தனை சாதாரணமல்ல. சம்மதிக்காதவர்களின் பெயர் பருவக் கடைசியில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களின் வரிசையில் வரும், பூச்செண்டும் ஊர்வலமும் இல்லாமல்.

வயதான காலில் முதலில் முரண்டு பிடிப்பது கெண்டைச்சதை. நீலுக்கு 2025 இறுதிச்சுற்றில் அதுதான் வந்தது. இறுதிப்போட்டிக்கு அவரை மாற்று ஆட்டக்காரராக உட்காரவைத்து, ஆட்டத்தின் நடுவில் இறக்கினார்கள். பிரிஸ்பேன் ஜீலாங்கை 122–75 என்று வென்றது.

அடுத்த தடவை மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி.க்குப் போகிறவர்கள் ஓரத்தில் மைதான நடுவுக்கு நேரான சீட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கோல் கம்பங்களுக்குப் பின்னால், மேல் அடுக்கில் உட்காருங்கள். கோல் விழுந்ததும் எல்லோரும் திரையில் மறுஒளிபரப்பைப் பார்ப்பார்கள். அப்போது நீங்கள் நடுச்சதுரத்தைப் பாருங்கள்: எட்டுப் பேர் நடந்து வந்து நிற்பார்கள், ரக்கின் கை முதுகுக்குப் பின்னால் போகும், ஒருவர் இரண்டு எட்டு பின்வாங்கி 6 மணியில் நிற்பார். நடுவர் பந்தை எறிவதற்கு முன் அந்த இடம் காலியாக இருந்தால், கண்ணைக் கோல் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.